நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டும் நன்றாகவே இருக்கிறேன் என்பதால் என் உடம்பைப் பற்றி இனி நீ கவலைப்படத் தேவையில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அத்தான் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை மறந்துவிட்டு உன்மேல் பாய்கிறாரா?

ஒரு உதவி வேண்டும். கடைசி வருடத்துக்கு ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். இந்த ஊரில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஏரி உடைந்து பதினேழு பேர் செத்த வெள்ளத்தை எடுத்திருக்கிறேன். அத்தான் அதைப் பற்றி எழுதிய புத்தகம் இருக்கும் தைரியம்தான். ஆனால் எங்கள் மேடம் லேசுப்பட்டவர் இல்லை. "புத்தகத்தைப் பார்த்து எழுதின புத்தகம் எனக்கு வேண்டாம். பதினஞ்சு ஆதாரம், அதுல அஞ்சாவது மூல ஆதாரமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். நூலகருக்கோ நாங்கள் அலமாரிப் பக்கம் போனாலே காய்ச்சல் வருகிறது.

எங்கே தொடங்குவது, எதை நம்புவது, ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் இதே ஊரில் இருந்துகொண்டு அத்தானுக்காக நாயாய் அலைந்தவள் நீ. வழி சொல். அக்டோபர் முப்பது கடைசி நாள்.

உன்
எலி


ஜூலை 11

என் எலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மாத்திரை நான் கையில் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

முதலில் நல்ல புத்தகம் ஒன்றை எடுத்து அதைப் பின்பக்கத்திலிருந்து படி. அடிக்குறிப்பும் நூற்பட்டியலும்தான் உனக்கு வாசல். ஒன்று இன்னொன்றைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும், மூலத்துக்குப் போகும்வரை விடாதே. ஆள் நம்மவர் என்பதற்காக அத்தான் புத்தகத்தையும் விட்டுவைக்காதே. பழைய செய்தித்தாள் வேண்டுமென்றால் நூலகரிடம் போகாதே, பைண்டிங் செய்கிறவரைப் பிடி. எது எந்த மூலையில் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு தாளைப் படிக்க ஆரம்பிக்கும் முன்பே தேதியையும் பக்கத்தையும் குறித்துக்கொள். அப்புறம் குறித்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வாரம் தேடுவாய், நான் தேடியிருக்கிறேன்.

இன்னொன்று. கதை சொல்வதற்காக எழுதிய தாளைவிட, வேறு எதற்கோ எழுதிய தாள் உண்மை பேசும். மழைமானிப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவேடு, அலுவலகத்தில் யார் வந்தார் யார் போனை எடுத்தார் என்று குமாஸ்தா கிறுக்கி வைத்திருப்பது. அவர்களுக்குப் பொய் சொல்ல நேரம் இருந்திருக்காது.

உன் அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. நவம்பரில் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. அந்த நாளைய குறிப்பேடுகள் எல்லாம் இரும்பு பீரோவில் வரிசையாக இருக்கின்றன. வருடா வருடம் நான்தான் துடைத்து வைக்கிறேன். எது வேண்டுமென்றாலும் கேள், படியெடுத்து அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ தெய்வம்! பைண்டிங்காரருக்கு இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் பாசன இலாகாவின் பழைய கிடங்கில் வேலை பார்க்கும் தன் மச்சானிடம் அனுப்பினார். மூன்று நாள் தூசியில் தும்மினேன். நான்காம் நாள், எழுதுபொருள் பில்களுக்கு நடுவில் பொறியாளர் அலுவலகத்தின் தொலைபேசிக் குறிப்பேடு கிடைத்தது. வெள்ளம் வந்த நாளின் பக்கம் அப்படியே இருக்கிறது.

"1.10. மதகு அறை. திறக்க அனுமதி கேட்டு. பொறியாளர் இல்லை." "1.40. மதகு அறை. அதே." "2.25. மதகு அறை. கத்துகிறார். பொறியாளர் வந்ததும் சொல்லப்படும்." ஏரி உடைந்தது மூன்று மணிக்கு.

இப்போது அத்தான் புத்தகம், பக்கம் 118. மதகுக் காவலர் அன்று மத்தியானம் தூங்கிவிட்டார், அதனால்தான் மதகைத் திறக்கவில்லை என்று இருக்கிறது. அவரே சொன்னதாக ஒரு வரியும் இருக்கிறது: "நான் அசந்துட்டேன். அந்தப் பாவம் என்னோடது." நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பு, நேர்காணல், அவருடைய வீட்டில், மார்ச் 14 என்கிறது. தூங்கினவர் எப்படி அக்கா மூன்று முறை போன் செய்வார்?

அந்த நேர்காணல் குறிப்பேட்டைப் படியெடுத்து அனுப்பு. அவர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார், அத்தான் சுருக்கியிருப்பார்.

எலி


ஆகஸ்ட் 20

எலிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வலது கையால் எழுதினால் எனக்கே படிக்க வராது என்பது உனக்குத் தெரியுமே. இப்போது பரவாயில்லை. நீ நலம்தானே?

நீ எழுதி அனுப்பிய குறிப்பேட்டு வரிகளைப் பார்த்தேன். அவசரப்படாதே. மதகு அறையிலிருந்து போன் வந்தது என்றால் காவலர்தான் பேசினார் என்று என்ன நிச்சயம்? வேறு யாராவது இருந்திருக்கலாம். நேர்காணல்களை ரொம்பவும் நம்பக் கூடாது, ஒதுக்கவும் கூடாது, அது ஒரு மாதிரியான ஆதாரம். கல்லூரிக் கட்டுரைக்கு இத்தனை ஆழம் தேவையில்லை. அந்த வருடம் எத்தனை மழை, ஏரியின் கொள்ளளவு எவ்வளவு என்று குறுக்கிக்கொள். ஐந்து மூல ஆதாரம் சுலபமாகத் தேறும்.

நீ கேட்ட குறிப்பேடு இல்லை. அந்த அடுக்கு முழுவதும் கரையான் அரித்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

கை குணமானது கேட்டு நிம்மதி. நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம்தான் சரியில்லை.

இரும்பு பீரோவில் கரையானா?

நீயே எழுதியிருந்தாய், வருடா வருடம் துடைக்கிறேன், எது வேண்டுமென்றாலும் கேள் என்று. நான் கேட்டது ஒன்றே ஒன்று. அது மட்டும் அரித்துப்போய்விட்டது. "யார் எழுதினது, அதனால யாருக்கு என்ன லாபம்னு கேட்டுப் பாருங்க" என்று மேடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறார். கேட்டுப் பார்த்தேன். தூங்கிவிட்டேன் என்று காவலர் சொன்னால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. புத்தகத்துக்கு லாபம். எல்லா விமரிசனங்களிலும் அந்த ஒரு வரியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கேட்கவே நாக்கு கூசுகிறது. அந்த வரியை அத்தானே எழுதிவிட்டாரா? அது உனக்குத் தெரியுமா? நம் கடிதங்களை அவர் பிரித்துப் படிக்கிறாரா? ஆமாம் என்றால் அடுத்த கடிதத்தைப் பச்சை மையில் எழுது. சினிமா பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள் என்று சிரிக்காதே.

காவலர் இறந்துவிட்டாராம். அவருடைய மகள் ஆற்றோரத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார் என்று பைண்டிங்காரர் சொன்னார். போய்ப் பார்க்கப் போகிறேன்.

எலி


செப்டம்பர் 9

எலி,

நாங்கள் சுகம்.

மை நீலம்தான், பார்த்துக்கொள். உன் அத்தான் யாருடைய கடிதத்தையும் பிரிக்கிறவர் இல்லை. ஆனால் அவருக்கு நேரடியாக எதுவும் எழுதிவிடாதே. மருத்துவர் இப்போதுதான் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். புத்தகம் என்றால் அவர் எப்படி என்பது உனக்குத் தெரியும்.

அந்தத் தையல் கடைக்குப் போகாதே. அவர்களே ஆறிப்போய் இருப்பார்கள். நீ போய்க் கிளறி என்ன ஆகப்போகிறது? எனக்காக இது ஒன்றைச் செய்.

அக்கா


செப்டம்பர் 21

அக்காவுக்கு,

நலம். போய்விட்டேன்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு கதவு அகலத்துக்குத்தான் கடை. அறுந்துபோன என் பையைத் தைக்கக் கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்தேன். வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் தையல்காரர் பையைத் திருப்பி நீட்டினார். "அந்தப் பேச்சுன்னா எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா."

"உங்க அப்பா குடுத்த பேட்டியைப் பத்தி ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

மிஷின் நின்றது. "எப்போ குடுத்தாராம்?"

தேதியைச் சொன்னேன். அவர் சிரித்தார் அக்கா.

"அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்திடுச்சு. பேச்சு சுத்தமாப் போயிடுச்சு. 'தண்ணி'ன்னு கேக்க வராது. சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அவரு பேட்டி குடுத்தாராம்!"

மருத்துவமனைச் சீட்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். தேதியைக் குறித்துக்கொண்டேன். கூடவே இன்னொரு தாளும் இருந்தது. அப்பா பெயரில் இருக்கும் பழியை நீக்கச் சொல்லி இவர் இலாகாவுக்குப் போட்ட மனுவுக்கு வந்த பதில். 'சம்பந்தப்பட்ட ஊழியரே தமது தவற்றை ஒப்புக்கொண்டதாக நூலொன்றின் 118ஆம் பக்கத்தில் பதிவாகியுள்ளதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' இதைப் படித்துக் காட்டியபோது அவருடைய அப்பா உயிரோடு இருந்தாராம். காது மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

"அப்போ வீட்டுக்கு யாருமே வரலையா?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு வந்துச்சு. புதுசாக் கல்யாணமான பொண்ணு. ரெண்டு மத்தியானம் வந்து உக்காந்திருந்துச்சு. இடது கையால எழுதும். நல்ல பொண்ணுதான். அப்பாவுக்கு எச்சில் ஒழுகினப்போ தன் கைக்குட்டையாலயே தொடச்சு விட்டுச்சு."

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காசு கொடுத்தேனா என்றுகூட நினைவில்லை.

அங்கே போனது நீ. அவர் பேசமாட்டார் என்று உனக்குத் தெரியும். வந்து அத்தானிடம் சொல்லியிருப்பாய். அவர் கேட்காமல் அவர் இஷ்டத்துக்கு எழுதியிருப்பார். நீ வாயை மூடிக்கொண்டு ஒன்பது வருடமாக அந்தப் புத்தகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது, போதும்.

எலி


அக்டோபர் 8

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்?

பதினேழு நாள் ஆகிறது. தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கேட்கிறேன். விடுதியில் எனக்குக் காதல் என்று பேசிக்கொள்கிறார்கள்.

வரும் பதினைந்தாம் தேதிவரை பார்ப்பேன். அதற்குள் பதில் வரவில்லை என்றால் அத்தானுக்கே எழுதிக் கேட்பேன். மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கட்டும்.

எலி


அக்டோபர் 12

என் எலிக்கு,

நான் நலமாக இல்லை. அவர் நலம்.

அத்தானுக்கு எழுதாதே. அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வரியை எழுதியது நான்.

கல்யாணமாகி ஆறு மாதம். அவர் பாதிப் புத்தகம் எழுதிவிட்டு, காவலரின் பேட்டி இல்லாமல் ஒரு அடிகூட நகர முடியாது என்று உட்கார்ந்திருந்தார். "நீ போனா பேசுவாங்க, உன் முகம் அப்படி" என்று என்னை அனுப்பினார். முதல் நாள் போனபோதே தெரிந்துவிட்டது, அந்த மனிதரால் பேச முடியாது என்று. மறுநாளும் போனேன். அன்னிக்கு நீங்க தூங்கிட்டீங்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது ஆமாமா, இல்லையா, நடுக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு இடது கை விரலைத் தூக்கிக் காற்றில் வட்டமாகச் சுற்றினார். நிறுத்தி மறுபடி சுற்றினார். மறுபடியும். மூன்று முறை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை என்றதும் அழுதார். அப்போதுதான் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். "பேசினாரா?" என்று உன் அத்தான் வாசலிலேயே கேட்டார். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் அத்தனை ஆசையாக எதையும் கேட்டதில்லை. பேசினார் என்று சொல்லிவிட்டேன். என்ன சொன்னார் என்றார். ஊரே சொல்லிக்கொண்டிருந்ததைத் தூக்கி அந்த மனிதர் வாயில் வைத்தேன். அன்று ராத்திரியே குறிப்பேட்டில் எழுதி, மார்ச் 14 என்று தேதியும் போட்டேன். உன் அத்தானுக்குச் சந்தேகமே வரவில்லை. என்மேல் ஏன் வரப்போகிறது?

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று, மூன்று போன் என்று படித்ததும் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மனிதர் விரலைச் சுற்றிக் காட்டியது போனின் டயலை. போன் பண்ணினேன், மூன்று தடவை பண்ணினேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். மணிக்கட்டு வீங்கியது பொய். கரையானும் பொய். ஆனால் அதையெல்லாம்விட, நீ உன் அத்தான்மேல் சந்தேகப்பட்டபோது நான் இல்லை என்று எழுதவில்லை. பழி அவர் மேலேயே இருக்கட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே.

நடந்ததைத் தனித்தாளில் எழுதி, முழுப் பெயரும் கையெழுத்தும் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டுரையில் சேர்த்துக்கொள். தையல்காரருக்கும் காட்டு. உன் அத்தானிடம் இன்று மாலை சொல்லப்போகிறேன். நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 24

அக்காவுக்கு,

நீ எழுத வேண்டாம் என்றதால் எழுதவில்லை. எழுதிக் கிழித்தவை நான்கு இருக்கின்றன.

தையல் கடைக்குப் போனேன். அவர் கையில் வேலை இருந்தது, உன் தாளை நானே படித்தேன். விரலைச் சுற்றின இடம் வரும்வரை அவர் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். அந்த இடத்தில் ஊசியை வைத்துவிட்டார்.

"திரும்பப் படி."

படித்தேன். அவர் தன் விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"ஆறு வருஷம் இதைப் பண்ணிக்கிட்டே இருந்தாரு. தலை சுத்துதுன்னு சொல்றாருன்னு நாங்க மாத்திரை குடுத்துக்கிட்டு இருந்தோம்."

பிறகு, "மூணு ஜெராக்ஸ் எடுத்துக் குடு. உங்க அக்காவை வரச் சொல்லாத. காகிதம் மட்டும் போதும்" என்றார். தொலைபேசிக் குறிப்பேட்டுக்கும் படியெடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் வைத்து மறுபடி மனு போடப் போகிறார்.

கட்டுரையை முடித்துவிட்டேன். வரைவைப் படித்த மேடம் உன் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எழுதினவங்க ஒரு தடவை பொய் எழுதினவங்க. இந்தத் தடவை நம்பலாமா?" என்று கேட்டார். குறிப்பேட்டோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொன்னேன். என் அக்கா என்று சொல்லவில்லை.

அத்தான் என்ன சொன்னார்? நீ சாப்பிடுகிறாயா? பதில் போடு.

எலி


நவம்பர் 6

அன்புள்ள எலிக்கு,

அத்தான் எழுதுவது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான் என்று நினைக்கிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். உன் அக்கா அதிகம் பேசுவதில்லை, ஆனால் சாப்பிடுகிறாள். நீ கேட்டதாகச் சொன்னேன்.

மூன்றாம் பதிப்பை நிறுத்திவிட்டேன். 118ஆம் பக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன், அந்த மனிதர் அப்படிச் சொல்லவில்லை என்று இலாகாவுக்குப் பதிவுத் தபாலில் எழுதி, தையல்காரருக்கு ஒரு படி அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. பிழை அவளுடையது என்று அதில் எழுதவில்லை. அந்த மனிதரை நேரில் போய்ப் பார்க்காமல் பேட்டியை அச்சில் போட்டவன் நான்.

புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள். பாதிக்கு மேல் அவள் அலைந்து கொண்டுவந்தவை. இப்போது சாப்பாட்டு மேசையில் எல்லாக் குறிப்பேடுகளையும் பரப்பி ஒன்றிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து எடுத்துத் தருகிறாள். "இது நீ எழுதினதா, அவங்க சொன்னதா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கிறேன். "அவங்க சொன்னதுதான்" என்கிறாள். நான் அதைக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் போய்ப் பார்க்காமல் அடுத்ததற்கு நகர்வதில்லை.

முந்தாநாள் அறுபத்து மூன்று. வெள்ளத்தில் வீடு போன ஒரு பாத்திரக் கடைக்காரரின் பேட்டி. இப்போது இங்கே மகனோடுதான் இருக்கிறார். இரண்டு பேரும் போனோம். புத்தகத்தில் இருப்பதை அவர் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார். உன் அக்காவை அடையாளம் கண்டுகொண்டு, "இந்தப் பொண்ணு அன்னிக்கு எல்லாத்தையும் அப்படியே எழுதிக்கிச்சு" என்றும் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான்கு நிறுத்தம் தாண்டிய பிறகு, "இப்பவாவது என்னை நம்புறீங்களா?" என்று கேட்டாள்.

"அறுபத்து மூணை நம்புறேன்" என்றேன்.

நாளைக் காலை அறுபத்து நான்குக்குப் போகிறோம்.

பரீட்சைக்கு நன்றாகப் படி.

அத்தான்